ஏலத்தில் போன கடற்படை, அதன் ஒரே அட்மிரல்: புரோமியைப் பற்றிப் பேசலாமா?

கலங்கரை:

வணக்கம் நண்பர்களே. ஜெர்மன் கடற்படை என்றதும் நம் வீடுகளில் எம்டன் பெயர்தான் வரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். எங்கள் பாட்டி கெட்டிக்காரப் பிள்ளைகளை "சரியான எம்டன்" என்றுதான் சொல்வார். அந்தக் கப்பலைப் பற்றிப் படிக்கப் போய், அதை அனுப்பிய கடற்படையின் பூர்வீகத்துக்குள் இறங்கிவிட்டேன். அங்கே 66 வருடம் முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். கார்ல் ருடால்ஃப் புரோமி. ஒரு மாதமாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன்.

1804 செப்டம்பர் 10ல் சாக்சனியில், லைப்சிக் நகரை ஒட்டிய ஆங்கர் என்ற ஊரில் பிறந்தார். கடற்காற்று எட்டிப் பார்க்காத மண். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். 1818ல், பதினான்கு வயதுகூட நிறைந்திருக்காது, கப்பலுக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்து ஹாம்பர்க் வந்து சேர்ந்தார். பிறகு சில வருடம் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களில் வேலை. குடும்பப் பெயர் உண்மையில் புரோம்மெ. ஆங்கிலம் பேசும் மாலுமிகள் அதைப் படிக்கத் தெரியாமல் தடுமாறியதால், கடைசி எழுத்தை மாற்றி புரோமி ஆக்கிக்கொண்டார். கடைசிவரை அந்தப் பெயர்தான்.

1827ல் கிரேக்கத்துக்குப் போனார். துருக்கி ஆட்சியை எதிர்த்து அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. கிரேக்கக் கடற்படையை நடத்த பிரிட்டனிலிருந்து காக்ரேன் பிரபு வந்திருந்தார். அவரிடம் சேர்ந்த புரோமிக்கு ஹெல்லாஸ் என்ற பெரிய போர்க்கப்பலில் முதல் அதிகாரி பதவி கிடைத்தது. நடுவில் கொஞ்ச காலம் ஊருக்கு வந்தாலும், 1832ல் பவேரிய இளவரசர் ஓட்டோ கிரேக்க அரசரானதும் திரும்பிப் போனார். துறைமுகம், கடற்படை அலுவலகம், பிரேயஸ் ராணுவப் பள்ளி என்று மாறி மாறிப் பொறுப்புகள். இருபது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

1848ல் ஜெர்மானிய மக்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நாடாளுமன்றம் கூட்டி, கடற்படை ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்த செய்தி அவருக்கு எட்டியது. உடனே எழுதினார், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எடுத்துக்கொண்டார்கள். நாலரை வருடத்தில் அந்தக் கடற்படையையே கலைத்து, கப்பல்களை ஏலம் விட்டார்கள். கடைசி மாலுமிக்குக் கணக்கு முடித்து அனுப்பும்வரை இருந்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அவர்தான்.

ஒரே ஒரு கடற்சண்டை, அதிலும் வெற்றி இல்லை. ஆனாலும் இவர் பெரிய மனிதர் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சேர்ந்து பேசுவோம்.

தென்றல்88:

அண்ணா, ஒரு அடிப்படைச் சந்தேகம். 1848ல் ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லையே? நாங்கள் படித்தது 1871ல் பிஸ்மார்க் ஒன்றாக்கினார் என்று. நாடு இல்லாமல் கடற்படை எப்படி?

கலங்கரை:

நல்ல கேள்வி தென்றல், இந்தக் கதையின் வேரே அதுதான். முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு மட்டும்தான் இருந்தது. பிரஷ்யா, ஆஸ்திரியா, பவேரியா என்று பெரியவை சில, மற்றவை கையளவு ராஜ்யங்கள். 1848 வசந்தத்தில் மக்கள் கிளர்ச்சி எழுந்ததும் இந்த அரசர்கள் எல்லாம் பயந்துபோய் ஒரு பொது நாடாளுமன்றத்துக்குச் சம்மதித்தார்கள்.

அதே நேரம் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகள் யாருக்கு என்று டென்மார்க்கோடு போர் மூண்டது. தரையில் ஜெர்மானியர்கள் கை ஓங்கியிருந்தது. கடலில் டென்மார்க் சில கப்பல்களைக் கொண்டுவந்து எல்பே, வெசர் ஆறுகளின் வாயை அடைத்துவிட்டது. ஹாம்பர்க்கிலும் பிரெமனிலும் வியாபாரம் நின்றுபோனது. இவ்வளவு பெரிய ஜனம், ஒரு சின்ன நாட்டின் நாலைந்து கப்பலை விரட்ட வழியில்லாமல் கரையில் நின்று பார்த்தது. அந்த அவமானம்தான் கடற்படையைப் பெற்றெடுத்தது.

1848 ஜூன் 14ல் நாடாளுமன்றம் 60 லட்சம் தாலர் (அந்தக் காலத்து ஜெர்மானிய வெள்ளி நாணயம்) ஒதுக்கியது. பாதி உடனே, மீதி தேவைப்படும்போது. பிரெமன் வணிகரான டுக்விட்ஸ் அந்தத் துறையை ஏற்றார். பிரஷ்ய அரச குடும்பத்து இளவரசர் அடால்பெர்ட் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவர். ஊர் ஊராகப் பெண்கள் நகைகளைக் கொடுத்தார்கள், சீட்டுக் குலுக்கினார்கள். பிரஷ்யாவில் அப்படிச் சேர்ந்த பணத்தில் கட்டிய ஒரு பாய்க்கப்பலுக்குப் பெண்களின் பெருமை என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். கறுப்பு, சிவப்பு, பொன் மூவண்ணம், மூலையில் இரட்டைத்தலைக் கழுகு. அதுதான் கடற்படைக் கொடி.

ஆனால் நாடாளுமன்றத்துக்கு வரி வாங்கும் அதிகாரம் கிடையாது. அரசுகள் தங்கள் பங்கை அனுப்பினால்தான் பணம். ஆஸ்திரியா கொடுக்கவில்லை, இன்னும் சிலரும் கொடுக்கவில்லை. புரோமி பதவியேற்றபோதே பெட்டியில் ஓட்டை இருந்தது.

எஞ்சின் ரூம்:

தம்பி கலங்கரை, நல்ல இழை. நான் முப்பது வருடம் கப்பல் எஞ்சினோடு கிடந்தவன், இப்போது ஓய்வு. கப்பல்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

இவருடைய தலைமைக் கப்பல் பார்பரோசா. அதன் பழைய பெயர் பிரிட்டானியா. குனார்ட் கம்பெனி அட்லாண்டிக் கடலில் தபால் சேவை தொடங்கியபோது முதலில் விட்ட நீராவிக் கப்பல் அதுதான். 1840 ஜூலை 4ல் லிவர்பூலிலிருந்து கிளம்பி பன்னிரண்டு நாள் சொச்சத்தில் ஹாலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தது. மர உடம்பு, நீளம் 207 அடி, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். வேகம் ஒன்பது நாட், அதாவது மணிக்கு ஒன்பது கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1842ல் அமெரிக்கா போனது இதில்தான். 1844ல் பாஸ்டன் துறைமுகம் உறைந்துபோய் இந்தக் கப்பல் மாட்டிக்கொண்டபோது, ஊர்க்காரர்கள் தங்கள் செலவில் பனியை அறுத்து ஏழு மைல் கால்வாய் வெட்டி வெளியே விட்டார்கள். அப்படி ஒரு செல்லம் அதற்கு.

அதை வாங்கி ஒன்பது பீரங்கி ஏற்றி போர்க்கப்பல் என்றார்கள். இதில் உள்ள சிரமம் என்ன தெரியுமா? துடுப்புச் சக்கரக் கப்பலில் பக்கவாட்டின் நடு இடம் முழுக்கச் சக்கரக் கூண்டு அடைத்துக்கொள்ளும். பீரங்கி வரிசை வைக்கத் தோது இல்லை. எஞ்சினின் பாதி உடம்பு நீர்மட்டத்துக்கு மேலே. ஒரு குண்டு சக்கரத்தில் பட்டால் கப்பல் வட்டமடிக்கும், கொதிகலனில் பட்டால் உள்ளே இருப்பவன் வெந்து சாவான். பயணிகளுக்காகக் கட்டிய மரக்கட்டுமானம் பீரங்கி அதிர்ச்சி தாங்கத் தனியாக முட்டுக்கொடுக்க வேண்டும். பிரெமர்ஹாஃபனில் சில மாதத்துக்குள் இதையெல்லாம் செய்து முடித்திருக்கிறார்கள் என்றால், மேற்பார்த்தவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பழங்கணக்கு:

நண்பர் கலங்கரைக்கு. புரோமியின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடற்படை அதிகாரியை எதைக் கொண்டு அளப்பது? 1849 ஜூன் 4, வடகடலில் ஹெல்கோலாந்து தீவருகே. பார்பரோசா, லூபெக், ஹாம்பர்க் என்று மூன்று நீராவிக் கப்பல்களோடு போகிறார். எதிரே டென்மார்க்கின் வால்கிரியன். பாய்க்கப்பல், தனியாக நிற்கிறது, காற்றும் அடங்கிக் கிடக்கிறது. இதைவிட ஒரு தளபதிக்கு வேறென்ன வாய்ப்பு வேண்டும்? அதைப் பிடிக்கவும் இல்லை, மூழ்கடிக்கவும் இல்லை. டேனிஷ் நீராவிக் கப்பல் கெய்சர் வருவதைப் பார்த்ததும் குக்ஸ்ஹாஃபனுக்குத் திரும்பிவிட்டார். முற்றுகை விலகவில்லை. நான் வரலாறு நடத்துகிறவன், பிள்ளைகள் கேட்டால் இதை வெற்றி என்று சொல்ல என்னால் முடியாது.

கலங்கரை:

ஐயா, வெற்றி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹெல்கோலாந்து அப்போது பிரிட்டனுடையது. 1890 வரைக்கும் அப்படித்தான். வால்கிரியன் அந்தத் தீவை ஒட்டி நகர்ந்தது. தீவிலிருந்த பிரிட்டிஷ் பீரங்கி எச்சரிக்கைக் குண்டு போட்டது, எங்கள் கடல் எல்லைக்குள் வந்து சுடாதே என்று. ஃபிராங்க்ஃபர்ட் அரசை பிரிட்டன் அங்கீகரிக்கவே இல்லை. யாரும் ஏற்காத அரசின் கொடி கடல் சட்டத்தில் கொடியே ஆகாது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டன் பக்கமிருந்து வந்த எச்சரிக்கையும் அதுதான்: இந்தக் கொடியோடு சுற்றும் கப்பல்களைக் கொள்ளைக் கப்பல்களாக நடத்த நேரிடும். அதாவது அந்த மூன்று கப்பலில் இருந்த ஒவ்வொரு பையனும் பிடிபட்டால் போர்க்கைதி ஆவானா, கடற்கொள்ளையன் என்று கயிற்றில் தொங்குவானா என்பதே உறுதியில்லை. இதைத் தலையில் சுமந்துகொண்டு நின்றவர், பிரிட்டிஷ் குண்டு விழுந்ததும் விலகினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் விலகியிருப்பேன்.

எஞ்சின் ரூம்:

பழங்கணக்கு சார், இன்னொன்றும் இருக்கிறது. போர்க்கப்பலுக்கு ஆள் பழக வருடக்கணக்கு ஆகும். பீரங்கி அடிப்பவன், கரி அள்ளிப் போடுபவன், பாய்மரம் ஏறுபவன் எல்லாரும் ஒரே தாளத்தில் வர வேண்டும். இவரிடம் இருந்தவர்கள் சில மாதத்துக்கு முன் வணிகக் கப்பலில் இருந்தவர்கள். அதிகாரிகளில் பிரிட்டிஷ்காரர், பெல்ஜியக்காரர் என்று வெளியாட்கள் பலர், ஏனென்றால் ஜெர்மானியரில் போர்க்கப்பல் அனுபவம் உள்ளவரைத் தேடினாலும் கிடைக்காது. இருக்கிற மூன்று கப்பலில் ஒன்றின் சக்கரம் உடைந்தால் அதை மற்றொன்று கட்டி இழுக்க வேண்டும், மூன்றாவது தனியே நிற்கும். பின்னால் டேனிஷ் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. போனவர் போன கப்பலையும் போன ஆட்களையும் முழுதாகத் திரும்பக் கொண்டுவந்தார். மாலுமி வீட்டுப் பெண்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்வார்கள்.

பழங்கணக்கு:

பால்மர்ஸ்டன் விஷயத்தை ஏற்கிறேன். அங்கீகாரம் இல்லாத கொடி என்பது கனமான வாதம்தான். ஆனால் எச்சரிக்கைக் குண்டு விழுவதற்கு முன்னால் கிடைத்த நேரத்தில் இன்னும் கிட்டே போயிருக்கலாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. தூரத்திலிருந்தே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம், அதே வருடம் ஏப்ரல் 5ல் எக்கெர்ன்ஃபோர்டெ வளைகுடாவில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரையில் வைத்த சில பீரங்கிகள் கிறிஸ்டியன் 8 என்ற டேனிஷ் பெருங்கப்பலை வெடித்துச் சிதற வைத்தன, கெஃபியோன் என்ற கப்பலைச் சரணடைய வைத்தன. ஒரு ஜெர்மன் கப்பல்கூட அங்கே இல்லை. அந்தப் போரில் கடற்படையால் ஆகாதது தரைப்படைக் குண்டால் ஆனது என்று அன்றைக்கே அரசர்கள் சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது. கடற்படை கலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கலங்கரை:

கிட்டே போயிருக்கலாம் என்பதில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கலைந்ததற்குக் காரணம் என்று பார்த்தால், எனக்கு நாட்கணக்குதான் கண்ணில் படுகிறது. ஜூன் 4ல் ஹெல்கோலாந்து. ஜூன் 18ல், இரண்டே வாரத்தில், ஸ்டுட்கார்ட்டுக்கு ஒதுங்கியிருந்த நாடாளுமன்றத்தின் மிச்சத்தைப் படைவீரர்கள் கலைத்துவிட்டார்கள். ஜூலையில் டென்மார்க்கோடு போர்நிறுத்தம். ஆகஸ்டில் இவரைக் கொமடோர் ஆக்குகிறார்கள், நவம்பரில் ரியர் அட்மிரல். ஜெர்மானியருக்கு அட்மிரல் என்று ஒருவர் கிடைத்தது அப்போதுதான். டிசம்பரில், அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்த ஆட்சிப் பொறுப்பாளர் யோஹான் கோமகனே பதவி விலகிவிட்டார். கடற்படையை உருவாக்கிய சபை இல்லை, நியமித்தவர் இல்லை, சண்டையும் இல்லை. கப்பல்கள் மட்டும் வெசர் ஆற்றில் பிராக்கே ஊரருகே நங்கூரம் போட்டுக் கிடந்தன. சம்பளத்துக்கு மாதாமாதம் கடிதம் எழுத வேண்டிய நிலை.

எனக்கு இவர் பிடித்துப்போனது இந்த மூன்று வருடத்தால்தான். யாருக்கும் வேண்டாத கடற்படையை அவர் கடற்படையாகவே வைத்திருந்தார். பணி விதிகள் எழுதினார். இளைஞர்களுக்கு ஒரு பழைய பாய்க்கப்பலில் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். அதன் பெயர் டாய்ச்லாந்து. தினசரிப் பயிற்சி, குறிப்பேடு, கொடியேற்றம் எதையும் விடவில்லை. 1848லேயே கடற்படை என்றால் என்ன என்று பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு கைநூல் எழுதியிருந்தார். அவர் காலமான பிறகும் ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் திருத்தி அதை மறுபடி வெளியிட்டார்.

தென்றல்88:

ஏலம் எப்படி நடந்தது அண்ணா? போர்க்கப்பலைக்கூட ஏலம் விடுவார்களா?

கலங்கரை:

விட்டார்கள். 1852 ஏப்ரல் 2ல் கூட்டமைப்புச் சபை முடிவெடுத்தது, கடற்படையைக் கலைத்துவிடலாம் என்று. யார் செலவைத் தாங்குவது, யார் கட்டுப்பாட்டில் இருப்பது என்று பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒத்துப்போகவில்லை. ஹனோவர் போன்ற கரையோர அரசுகள் முயன்றும் பலிக்கவில்லை. விற்பதற்கு ஓல்டன்பர்க்கைச் சேர்ந்த ஹனிபால் ஃபிஷர் என்ற அதிகாரியை நியமித்தார்கள். 1852 ஆகஸ்டில் ஏலம் தொடங்கியது. முதலில் போனது அந்தப் பயிற்சிக் கப்பல் டாய்ச்லாந்து. நாட்டின் பெயரையே தாங்கிய கப்பல் சுத்தியல் தட்டி விலை போனதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. ஃபிஷர் பெயர் ஜெர்மானியர் வாயில் தலைமுறைக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தவர்தான் அவர், உத்தரவு போட்டவர்களை யாரும் அப்படித் திட்டவில்லை என்பதும் உண்மை.

பார்பரோசாவையும், எக்கெர்ன்ஃபோர்டெ என்று பெயர் மாற்றியிருந்த கெஃபியோனையும் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. 1853 மார்ச் 31ல் புரோமி தன் கடைசி உத்தரவைப் பிறப்பித்தார். ஜூன் 30ல் அவரும் விடுவிக்கப்பட்டார்.

எஞ்சின் ரூம்:

மற்ற கப்பல்களையும் சொல்லிவிடுகிறேன். சின்ன நீராவிக் கப்பல்கள் லண்டன் கம்பெனி ஒன்றுக்குப் போயின. ஹான்சா, எர்ட்சஹெர்ட்சோக் யோஹான் என்ற இரண்டு கப்பல்களையும் பிரெமன் வணிகர்கள் வாங்கி நியூயார்க்குக்குப் பயணிகளை ஏற்றினார்கள். கிரிமியப் போர் வந்ததும் அவற்றை பிரிட்டிஷ்காரர்கள் வாடகைக்கு எடுத்துப் படைவீரர்களைக் கொண்டுபோனார்கள். கப்பல் ஓடத் தகுதியில்லாமல் விற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நல்ல எஞ்சின், நல்ல பராமரிப்பு.

பார்பரோசா பிரஷ்யாவில் மாலுமிகள் தங்கும் கூடமாக ரொம்ப காலம் கிடந்தது. எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். 1880ல் ஜெர்மன் கடற்படை டார்பிடோ சோதனைக்கு இலக்கு தேடியபோது இதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ட்சீட்டன் என்ற கப்பல் விட்ட டார்பிடோவில் மூழ்கியது. அட்லாண்டிக்கை முதலில் அளந்த குனார்ட் கப்பலின் முடிவு அது.

வெசர்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிரெமன் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன இலையுதிர்காலத்தில் பிராக்கேக்கு ரயிலில் போயிருந்தேன். அங்கே கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. புரோமிக்கு அந்த ஊரில் தனி மரியாதை, ஊர்க்காரர் போலவே பேசுகிறார்கள். காரணமும் உண்டு: 1852ல், கப்பல்கள் ஏலத்துக்குப் போன அதே வருடம், பிராக்கே வணிகர் ஒருவரின் மகள் கரோலினைத்தான் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு 47 வயது.

கல்லறை பக்கத்தில் ஹம்மெல்வார்டன் தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது. 1860 ஜனவரி 9ல் பிரெமனை அடுத்த சாங்க்ட் மாக்னுஸில் இறந்தார், 55 வயது. அங்கிருந்து கொண்டுவந்து மனைவி குடும்பத்தாரின் இடத்தில் அடக்கம் செய்தார்கள். பார்பரோசாவில் பறந்த மூவண்ணக் கொடியை அவர் உடம்பில் போர்த்திப் புதைத்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். நினைவுக்கல் ரொம்பப் பிற்பாடு, 1897ல்தான் வந்தது. இந்தச் சதுப்புநிலப் பகுதியின் கவிஞர் ஹெர்மான் ஆல்மர்ஸ் நாலு வரி எழுதிக்கொடுத்தார். இந்த மனிதரை நினையுங்கள், நம்பிக்கை நிறைந்து பிறகு ஏமாற்றம் கசந்த அந்தக் காலத்தையும் நினையுங்கள் என்ற பொருளில்.

கலங்கரை, நீங்கள் எழுதிய அந்த மூன்று வருடத்தை அங்கே நின்றபோது நானும் நினைத்தேன். ஆற்றங்கரை முழுக்க உயரமான மண் அணை. இந்தப் பக்கம் எங்கும் அப்படித்தான், மேலே ஏறினால்தான் தண்ணீர் தெரியும். ஏறிப் பார்த்தேன். வெசர் அங்கே நல்ல அகலம். கப்பல்கள் கிடந்த இடம் அதுதான்.

பழங்கணக்கு:

வெசர்கரை அம்மா, நன்றி. இப்படி ஒரு பதிவு வந்தபின் வாதம் செய்ய மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். பிற்பாடு பெரிதான ஜெர்மன் கடற்படையின் வேர் பிரஷ்யக் கடற்படைதானே? அதை வளர்த்தவர் அடால்பெர்ட். தொடர்ச்சி அந்த வழியில்தான் வருகிறது. புரோமியின் கடற்படை வாரிசில்லாமல் போன கிளை. அவரை ஜெர்மன் கடற்படையின் தந்தை என்பது பிற்காலத்தார் கொடுத்த பட்டம் இல்லையா?

கலங்கரை:

பட்டத்தை விட்டுவிடலாம் ஐயா. ஆட்களைப் பாருங்கள். ரைன்ஹோல்ட் வெர்னர் 1849ல் புரோமியின் கீழ் சேர்ந்தவர், பின்னாளில் பேரரசுக் கடற்படையில் அட்மிரல் ஆனார். கலைத்தபோது பிரஷ்யாவுக்குப் போன அதிகாரிகளும் மாலுமிகளும் இன்னும் பலர். கப்பலை விற்றார்கள், பயிற்சி பெற்ற கைகளை விற்க முடியவில்லை.

புரோமியை மட்டும் பிரஷ்யா எடுத்துக்கொள்ளவில்லை. இதில்தான் என் கோபம் முழுவதும். ஹாலந்துக் கடற்படையில் பயின்ற ஷ்ரோடரை அழைத்து கொமடோர் ஆக்கியவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அட்மிரலை விட்டுவிட்டார்கள். நாடாளுமன்றக் கொடியின் கீழ் இருந்தவர் என்பது அரசர்களுக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். ஜூன் 30ல் இவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஜூலை 20ல், மூன்றே வாரத்தில், பிரஷ்யா ஓல்டன்பர்க்கிடமிருந்து ஜாடெ வளைகுடாக் கரையில் நிலம் வாங்க ஒப்பந்தம் போடுகிறது, வடகடலில் கடற்படைத் துறைமுகம் கட்ட. பிற்காலத்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் அதுதான். பிராக்கேயிலிருந்து அதிக தூரமில்லை. கடற்படை வேண்டாம் என்று யாருமே நினைக்கவில்லை பாருங்கள்.

பிறகு 1872லிருந்து பதினாறு வருடம் பேரரசுக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர்கள் ஸ்டோஷ், காப்ரீவி. இருவரும் தரைப்படைத் தளபதிகள்.

புரோமி 1857ல் ஆஸ்திரியக் கடற்படையில் வேலை தேடிக்கொண்டு மிலான் நகருக்குப் போனார். கடற்படைக்கு ஒரு தொழில்நுட்ப அலுவலகம் அங்கே இருந்தது. கடலே இல்லாத ஊரில் மேசை வேலை. உடம்பு ஒத்துழைக்காமல் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

தென்றல்88:

படிக்கப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு சந்தேகம், முதல் பதிவில் ஹெல்லாஸ் என்று ஒரு கிரேக்கக் கப்பல் சொன்னீர்களே, அது என்னவாயிற்று?

கலங்கரை:

நீ கேட்பாய் என்று காத்திருந்தேன் தென்றல்.

ஹெல்லாஸ் நியூயார்க்கில் கட்டிய 64 பீரங்கிக் கப்பல். கிரேக்கத்தின் பெயரையே தாங்கியது, கிரேக்கத்தின் பெருமையும் அதுதான். விடுதலைக்குப் பிறகு கிரேக்கத்தின் ஆட்சித் தலைவராக இருந்த கபோடிஸ்ட்ரியாஸின் ஆட்சிக்கும் தீவு மக்களுக்கும் பகை முற்றியது. விடுதலைப் போரின் மாபெரும் கடற்தளபதி மியாவுலிஸ் போராஸ் தீவுக்கு வந்து கப்பல்களைக் கைப்பற்றினார். ரஷ்யர்கள் கைக்கு அவை போவதைவிட அழிவதே மேல் என்று 1831 ஆகஸ்டில் ஹெல்லாஸைத் தன் கையாலேயே வெடி வைத்துத் தகர்த்தார்.

புரோமி தன் வாழ்க்கையில் மனம் வைத்து வேலை பார்த்தவை இரண்டு கடற்படைகள். இரண்டிலும் எதிரி அந்தக் கப்பல்களைத் தொடவில்லை. ஒன்றைச் சொந்தத் தளபதி கொளுத்தினார், இன்னொன்றைச் சொந்த அரசுகள் விற்றன. ஹெல்லாஸ் எரிந்தபின் மறுபடியும் கிரேக்கம் போனவர் அவர். டாய்ச்லாந்து விலை போனபின்னும் ஏழு மாதம் நின்று கணக்கு ஒப்படைத்தவரும் அவர். மக்கள் கொடுத்த காசு இது, ஒரு கயிற்றுச் சுருள்கூடக் கணக்கில்லாமல் போகக்கூடாது என்று இருந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. பழங்கணக்கு ஐயா எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டார். நான் இதைக் கொண்டுதான் அளக்கிறேன்.

பழங்கணக்கு:

ஹெல்லாஸ் செய்தி எனக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஹெல்கோலாந்து பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்த வருடம் 1848 பாடம் வரும்போது, நாடாளுமன்றத்தோடு நிறுத்தாமல் கடற்படையையும் சொல்வேன். ஏல தேதியோடு.

எஞ்சின் ரூம்:

சொல்லுங்கள் சார். பனியை அறுத்துக் கப்பலை வெளியே விட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தென்றல்88:

வெசர்கரை அக்கா, இப்போது இருக்கும் ஜெர்மன் கடற்படை இவரை நினைக்கிறதா?

வெசர்கரை:

நினைக்கிறது தென்றல். கடற்படையின் பிறந்தநாளாக அவர்கள் கொண்டாடுவது 1848 ஜூன் 14ஐத்தான், அந்தப் பணம் ஒதுக்கிய நாளை. பெர்லினில் இவர் பெயரில் தெரு இருக்கிறது. பிராக்கேயில் கடற்படை முகாமுக்கு இவர் பெயர்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி மறுபடி கடற்படை தொடங்கியபோது, பயிற்சிக்காக பிரிட்டனிடமிருந்து வாங்கிய பழைய கப்பல் ஒன்றுக்கு 1959ல் புரோமி என்று பெயர் வைத்தார்கள். அதன் பின்பக்கம் பறந்தது கறுப்பு, சிவப்பு, பொன். பிரிட்டிஷ் துறைமுகங்களில் அந்தக் கொடியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த முறை ஹம்மெல்வார்டன் போகும்போது படம் எடுத்து இங்கே போடுகிறேன். இப்போது மழை, அணைக்கரைப் பாதை முழுக்கச் சேறு. மார்ச்சுக்குப் பிறகுதான் போக முடியும்.